பக்கம் திரும்பும் முன்

—சுவருக்குக் காது இருக்கும்பாங்க. உங்க சுவருக்கு வாயும் இருக்கு பொண்ணே. என் அடுக்களையில பாத்திரமெல்லாம் ஆடுது.

—கோவிச்சுக்காதீங்கக்கா. பக்கவாதம் வந்ததுலேர்ந்து அண்ணனுக்குப் பேச்சும் போச்சு, தலையாட்டவும் வரல. மிச்சம் அந்த ஒரு கைதான். தட்டித்தான் பேசுறார்.

—என் வீட்டுக்காரருக்கு வாய் நல்லாத்தான் இருக்கு, அந்தத் தட்டுகூடக் கிடையாது. தட்டினா உனக்கு எப்படிப் புரியும்?

—சின்ன வயசுல அவர்தான் எனக்குக் கதை வாசிப்பார். எழுத்துக்கு ஒரு தட்டு, தகரப் பெட்டி மேல. கதை யாருக்குப் புரிஞ்சுது? தட்டு நின்னா அழுவேன். நான் வாசிக்கக் கத்துக்கிட்டதே அந்தத் தட்டுக்காகத்தான்.

—அதான் அச்சாபீஸ்ல மெஷின் சத்தத்துக்குத் தாளம் போடுறியாம்.

—யார் சொன்னது?

—சொல்றவங்க சொல்லுவாங்க. அச்சாபீஸை வேற ஊருக்கு மாத்துறாங்களாமே. நீ போறியா?

—சித்தி வந்து அண்ணனைப் பாத்துக்கிறேன்னாங்க. எனக்கும் போகணும்னுதான் இருந்துச்சு. அவர்கிட்ட கேட்டேன். மூணு தட்டு. போ, கா, தே. எப்பக் கேட்டாலும் அதே மூணு.

—மூணு தட்டுன்னா அந்த வார்த்தைதான்னு என்ன நிச்சயம்?

—எங்க கதைப் புத்தகத்துல தாய்மான் குட்டிகிட்ட அதைத்தான் சொல்லும். பக்கக் கடைசியில ‘போ’ன்னு இருக்கும், ‘காதே’ அடுத்த பக்கத்துல. அண்ணன் எச்சில் தொட்டுத் திருப்புறதுக்குள்ள குட்டி ஓடியே போயிருக்கும்னு சிரிப்பேன்.

—சரி, ஆபீஸ்ல என்ன சொன்னே?

—வரலைன்னு இன்னைக்குச் சொல்லிட்டேன். என் இடத்துக்கு வேற ஆளும் எடுத்தாச்சு. இனி எனக்கு இந்த நாலு சுவருதான்... ஏங்கக்கா, எங்க ஜன்னலையே பாக்குறீங்க?

—நீ வேலைக்குப் போனதும் ஜன்னல் வழியா எட்டிப் பாப்பேன். தப்பா நினைக்காதே, என் புத்தி அப்படி. தனியா பழகுறார் பொண்ணே. கையைத் தூக்கி ஒரே ஒரு தட்டு. அப்புறம் கை தானா உதறி ரெண்டு தடவை சுவத்துல விழுது. அதை நிறுத்த முடியாமதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுவுறார்.

—என்ன சொல்றீங்க?

—அவர் ஒருநாளும் பக்கத்தைத் திருப்பவே இல்ல.