பாரம் இல்லாத கார்

சித்தூர் பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றேன். பக்கத்துக் காரில் இருந்த பெரியவர், ஜன்னலோரம் நின்றவரிடம் சொன்னார்:

"மைலேஜு நல்லா வருதுபா. அதான் கஷ்டமா கீது."

"அதுக்கு யாராவது அழுவாங்களா மாமா?"

"பாரம் இல்லன்னா நாலு சிலிண்டர்ல ரெண்டு தானா நின்னு பெட்ரோல் மிச்சம் பண்ணுது. உங்க அக்கா, பேரனைப் பாத்துக்க நாயுடுபேட்டை போனதுலருந்து வண்டி ரெண்டுலதான் போய்க்கினு கீது."

"எப்ப வருதாம்?"

"அவன் ஸ்கூலுக்குப் போவ ஆரம்பிச்சப்புறமாம். இன்னும் குப்புறக்கூட விழல."

என் குழந்தைக்காக வந்த அம்மாவும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அப்பா ஊரில் தனியாக.

நின்றவர் சிரித்தார். பிறகு சுற்றி வந்து கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"நீ எங்கடா? உன் வூடு எதிர்லயே கீதே."

"கங்காதர நெல்லூர்ல உன் வூடு வரிக்கும் வர்றேன். பஸ்ஸுல திரும்பிக்கிறேன். எடு மாமா."