மடங்கிய குழாய்

எனக்கு நின்றுகொண்டு பேசித்தான் பழக்கம். வகுப்பில் நாற்காலி இருக்கும், ஆனால் நான் உட்கார்ந்தால் பின்வரிசைப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். நீங்கள் உட்காரச் சொல்கிறீர்கள், உட்கார்ந்துகொள்கிறேன். பேச்சுவாக்கில் எழுந்து நின்றுவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா.

முதலில் அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். வாயாடி என்று நாங்கள் கூப்பிடுகிற மூன்றாம் வருட மாணவி. என் கணவர் இறந்தது அவளுடைய அஜாக்கிரதையால் என்று நர்சிங் கல்லூரி முழுக்கப் பேச்சாம். விடுதியில் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாளாம். இந்தத் தொழிலே வேண்டாம் என்கிறாளாம். அவளைப் போல நோயாளியை வலிக்காமல் புரட்டத் தெரிந்த கை நூற்றில் ஒன்று. அது வீணாகப் போகக் கூடாது என்றுதான் யாரும் கூப்பிடாமல் நானே இங்கே வந்தேன்.

என்னுடைய பாடம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு நோய் இருக்கிறவரை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஒரே உடம்பில் நாலு நோய் குடியிருந்தால் என்ன செய்வது, ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றைக் கிளறிவிட்டால் என்ன செய்வது, வாய் பேச முடியாதவருக்கு எங்கே வலிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பவள் நான். சொல்லிக்கொடுக்கலாம்தான். உள்ளே இறங்க வேண்டுமே. கல்லூரியில் அதற்கென்று ஒரு ரப்பர் பொம்மை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். கேட்டால், "படுத்த இடத்துலயே எல்லாம் செய்யணும், வாயத் தொறந்து ஒரு நன்றி சொல்லாது, மிஸ்" என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் மாப்பிள்ளைக்கு மூச்சு திணறும், இன்னொரு பொத்தானில் சரியாகிவிடும். சரியாகிவிடும் என்று தெரிந்த பிறகு எந்தப் பெண் பயப்படுவாள்? பயப்படாதவள் எதைக் கற்றுக்கொள்வாள்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாணவிகள் வருவதற்கு முன்னால் ஆசிரியை போய்ப் பொம்மையில் ஒரு பிழை வைத்துவிட்டு வருவாள். ஏதாவது ஒரு குழாயை அடைப்பாள், ஒரு கட்டுத்துணியை இறுக்குவாள். அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும்வரை ஆசிரியை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணால்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இந்த விதியில் நான் ரொம்பக் கண்டிப்பு. சில ஆசிரியைகள் இருமிக் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது.

என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாலு பேர் இருக்கிற இடத்தில் பதினாலு பேர் சத்தம் கேட்கும், அப்படி ஒரு பேச்சு. என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார், கல்யாணமான புதிதிலிருந்தே. ஒரு நாள் வேலையிடத்தில் கால் தவறி விழுந்தார். கழுத்தெலும்பு நொறுங்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. மூச்சுக்குத் தொண்டையில் ஒரு குழாய், அதனால் பேச்சும் போய்விட்டது. சாப்பாட்டுக்கு வயிற்றில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். சர்க்கரை வேறு முன்பே இருந்தது. வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டு நானும் என் நாத்தனாரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். ஒரு புண் வரவில்லை அவருக்கு. வேண்டுமானால் டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான், என்னிடம் படித்து முடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒருத்தியின் வார்டில் ஓர் இளைஞன் செத்துப்போனான். என் கணவரைப் போலவே கழுத்தில் அடிபட்டவன். சிறுநீர்க் குழாய் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்திருக்கிறது. அப்படிப்பட்ட உடம்புக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. ஆனால் சிறுநீர்ப்பை நிரம்பிப் போக வழியில்லாவிட்டால் அது வேறு விதமாகக் கத்தும். முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும், தலை பிளக்கும், பிரஷர் எகிறும். போர்வையை விலக்கி மடிப்பை எடுத்துவிட்டால் தீர்ந்தது. இவள் என்ன செய்தாள் தெரியுமா? தலைவலி மாத்திரை கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. இந்தப் பாடத்தில் எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தொண்டை வறளக் கத்தியது யாருக்காக? பலகையில் படம் போட்டது யாருக்காக?

முதல்வர் அம்மாவிடம் போய்ப் பொம்மையால் பிரயோசனமில்லை, என் வீட்டுக்கே பிள்ளைகளை அழைத்துப் போகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வந்தார்கள். அவரை அப்பா என்று கூப்பிட்டார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. கூடம் நிறைய அந்தக் குரல்களைக் கேட்டபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவும் உண்மைதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை அவரைப் புரட்டும்போது தானாகவே குழாய் மடங்கிவிட்டது. யாரும் செய்யவில்லை. முகம் சிவந்தது. ஒரு பெண் பதறிப்போய்ப் போர்வையை இழுத்தாள், குழாயை நிமிர்த்தினாள், அவரை உட்காரவைத்தாள். அழுதுவிட்டாள். அந்தக் குழுவில் ஒருத்திகூட அதை மறக்கவில்லை. அடுத்த குழுவுக்கு அதையே வாயால் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். மறு வாரம் கேட்டால் விழித்தார்கள்.

அதற்கப்புறம் நானே மடித்தேன்.

கொஞ்ச நேரம்தான். பக்கத்திலேயே நின்றேன், பிரஷர் மேலே போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவரிடம் கேட்காமலும் செய்யவில்லை. "புள்ளைங்க கத்துக்கணும்ல, சரியா?" என்று கேட்பேன். கண்ணை மூடித் திறப்பார். ஒரு நாள் நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க நீங்க? எங்க அண்ணன் என்ன, ஒங்க காலேஜ் பொம்மையா?"

"அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் செய்யறேன். கண்ணச் சிமிட்டினாரே."

"கண்ணுன்னா சிமிட்டத்தான் செய்யும், அண்ணி. அதப் போய் சம்மதம்ங்கறீங்களே."

பாசம் இருக்கிறவர்களுக்குப் பாடம் புரியாது. அவளுக்குத் தெரியாமல் செய்துகொண்டேன். என் பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் போர்வையை விலக்கிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எத்தனை உயிர் பிழைத்திருக்கும், யாராவது கணக்குப் பார்க்கிறார்களா?

இதற்கு நடுவில் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். தொண்டைக் குழாயின் வாயில் ஒரு சின்ன மூடி பொருத்தினால் மூச்சு குரல்வளை வழியாகத் திரும்பும், அவரால் பேச முடியும் என்றார். நான் தள்ளிப்போட்டேன். சளி இருக்கிறது என்றேன், களைத்துப்போகிறார் என்றேன். பேசுகிற நோயாளியிடம் மாணவிகள் எதையும் தேடமாட்டார்கள், அம்மா. எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். நாத்தனார் மட்டும் அந்த மூடியை விடவே இல்லை. "எங்கண்ணன் கொரலக் கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்று சமையலறையில் நின்று அழுவாள்.

இந்த வருடம் முதல்வர் அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். வீட்டுக்கு மாணவிகளை அனுப்புவது சரியில்லை என்று மேலிடத்தில் பேச்சு. செய்முறைத் தேர்வை என் வீட்டிலேயே வெளித் தேர்வாளர் வந்து பார்ப்பார், பிள்ளைகள் தேறாவிட்டால் பழையபடி பொம்மைதான் என்றார்கள். இத்தனை பாடுபட்டது மாப்பிள்ளைக்கு மாலை போடுவதற்கா?

தேர்வு நாளன்று முதலில் வாயாடி. அவள் வருவதற்குச் சற்று முன்பே குழாயை மடித்து, நழுவாமலிருக்க ஒரு கிளிப்பும் போட்டுத் தொடைக்கடியில் தள்ளிவைத்தேன்.

"என்னப்பா, மூஞ்சி இப்டி செவந்திருக்கு? என்னப் பாத்து வெக்கமா?" என்றபடியே வந்தாள். தேர்வாளர்கூடச் சிரித்துவிட்டார். பிறகு பிரஷர் பார்த்தாள். அவள் சிரிப்பு போய்விட்டது. தொண்டைக் குழாயைச் சுத்தம் செய்தாள். சர்க்கரை பார்த்தாள். மின்விசிறியைக் கூட்டினாள். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "தண்ணியாப்பா?" என்று கேட்டாள். திரும்பவும் பிரஷர் பார்த்தாள். போர்வையைத் தொட்டாள், விலக்கவில்லை. தொட்டுவிட்டு மறுபடியும் இயந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

"மேடம், பேஷன்ட்டுக்கு ஏதோ சரியில்லையே?" என்றார் தேர்வாளர்.

"அவ பாத்துப்பா. நாம சொல்லக் கூடாது."

என் கை பின்னால்தான் கட்டியிருந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதானே. கணவர் என்பதற்காகச் சலுகை காட்டினால் நான் என்ன ஆசிரியை? அவருடைய கண் ஒரு பக்கமாகச் செருகியபோதுதான் அவள் போர்வையை இழுத்தாள். கிளிப்பைப் பார்த்ததும் வீல் என்று கத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தது. அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

ஒருவேளை அந்தக் கிளிப்பைத் தானே போட்டிருக்கலாம், பதற்றத்தில் நினைவில்லை என்று அவளே இப்போது சொல்கிறாளாம். இல்லை. அவள் அதற்குமுன் கட்டிலருகே வரவே இல்லை. போட்டது நான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று காலையில் எனக்குத் தெரியாமல் நாத்தனார் பிசியோதெரபிஸ்ட்டை வரவழைத்திருந்தாள். அவர் அந்த மூடியைப் பொருத்திவிட்டுக் கிளம்பியபோது, இவள் சந்தோஷத்தில் அழுதுகொண்டே அவரை வழியனுப்ப வாசலுக்குப் போயிருந்தாள். நான் சீருடை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"டீச்சரம்மா" என்றார்.

கொஞ்சம் கரகரப்பு. மற்றபடி அதே குரல். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு வேணாம். நீ அத மடிக்கறப்பல்லாம் தல வெடிச்சுரும் போல இருக்கு. பயமா இருக்கு எனக்கு. புள்ளைங்களுக்கு வாயாலயே சொல்லிக் குடேன்."

அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன். தலையைக் கோதிவிட்டேன். வெளியே பிள்ளைகள் வந்து இறங்குகிற சத்தம் கேட்டது. மூடியைக் கழற்றி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். நாத்தனார் வந்து கேட்டதற்கு, களைத்துப்போய்விட்டார், சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

தேர்வு என்றால் தேர்வு, அம்மா. நோயாளியே விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், போன வருடம் தாங்களாகவே கண்டுபிடித்துத் தேறினார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு அது அநியாயம் இல்லையா?