மதிவாணனின் பாலூட்டும் சிரமம்

எனக்குப் படிவத்தில் கட்டம் காலியாக இருந்தால் பிடிக்காது. அரசு மருத்துவமனையில் அறுவைப் பிரிவு முகப்பில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும் ஐயா.

உலு திராமிலிருந்து மதிவாணன் வந்தார். லாரி ஓட்டுபவர். உள்வாங்கிய மார்புக்காம்பை அறுவை செய்து வெளியே எடுத்துவிட வேண்டுமாம். எங்கள் விதி தெளிவானது. அழகுக்காகச் செய்யமாட்டோம், பாலூட்டச் சிரமப்படும் தாய்க்குத்தான், அதுவும் தாதி உதவிப் பார்த்தும் பலிக்காத பிறகுதான். அதைச் சொன்னேன்.

"தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறேன்க்கா. சட்டை போட முடியாது. போன வருஷமே பசங்க ஓட்டி எடுத்துட்டானுங்க. கொஞ்சம் பாருங்க லா."

கண் கலங்கியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. 'பாலூட்டுவதில் சிரமம் உண்டா' என்ற கட்டத்தில் 'உண்டு' என்று போட்டேன். அது பொய் இல்லை. அவர் முயன்று பார்த்தால் சிரமம்தான்.

அடுத்த கட்டம் குழந்தையின் பெயர். தேன்மொழி என்று எழுதினேன். எடை மூன்று கிலோ இருநூறு. தாதி உதவியதாக ஐந்து வாரம் நானே குறிப்பு எழுதினேன். பிள்ளை வாடிவிடக் கூடாதே என்று புட்டிப்பால் கொடுத்து, வாரா வாரம் எடையையும் ஏற்றினேன். மருத்துவர் மதிவாணனின் நெஞ்சைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், முத்திரை இருந்ததால் செய்துவிட்டார். காவடி நல்லபடியாக முடிந்தது.

பிறகு, எங்கள் பதிவின் நகல் போகும் தாய்சேய் நிலையத்திலிருந்து தாதி கஸ்தூரி போன் செய்தார். குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவரவில்லையே, நானே வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், 'காய்ச்சலில் இறந்தது' என்று பதிந்தேன். பிறகு கீழே போய் மீ கோரெங் சாப்பிட்டேன்.

கஸ்தூரி நல்ல மனுஷி. துக்கம் கேட்கப் போய்விட்டார். காவடிக்கு மொட்டை போட்ட தலையோடு மதிவாணன் கதவைத் திறக்க, அதைப் பார்த்து அழுதேவிட்டாராம்.

"சம்சாரம் எங்க தம்பி?"

"எனக்கு இன்னும் பொண்ணே பாக்கலக்கா."

அதனால்தான் இன்றைக்கு விசாரணைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பொய்க் குறிப்பு எழுதியது நான். பிள்ளையைக் கொன்றதும் நான். இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மூன்றாவதாக, அப்படியொரு குழந்தையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மாட்டேன் ஐயா. ஐந்தே வாரத்தில் எழுநூறு கிராம் ஏறினாள். வேறு யார் வளர்த்திருந்தாலும் அவ்வளவு ஏறியிருக்க மாட்டாள்.