மூத்தவளின் நெற்றி

அந்தத் தோல் டாக்டரின் காத்திருப்பு அறையில் நாற்காலிகள் நன்றாக இருக்கும், முதுகை நிமிர்த்தி உட்காரலாம். உங்கள் ஸ்டேஷனில் அந்த வசதி இல்லை. குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. கேட்டீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு இரண்டு பெண்கள். உங்களிடம் மனு கொடுத்திருப்பவள் மூத்தவள். வீட்டில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். யாராவது பொய் சொன்னால் அவள் புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடு விழும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உறவுக்காரர்கள் நான் சொல்வதைக் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவள் நெற்றியைப் பார்ப்பார்கள். குடும்பத் தலைவனாக அதையும் பொறுத்துக்கொண்டேன்.

சின்னவளுக்கு இரண்டாம் தாரமாக ஒரு வரன் வந்தது. பெரிய இடம். நாலு பெரிய மனிதர்கள் முன்னால் சம்மதம் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு பையனின் அப்பா என்னைத் தனியே அழைத்து, முதல் மனைவி இறந்த விதத்தைச் சொன்னார். வெளியே சொல்லமாட்டேன் என்று அதற்கும் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் மாற்றியதில்லை.

சின்னவள் ஒரே நிபந்தனை வைத்தாள். "அவங்க வரட்டும், பேசட்டும். நான் அக்கா முகத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்."

அதனால் மூத்தவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். முப்பத்துநாலு வயது, கல்யாணமாகாதவள். "உன் சிடுமூஞ்சியாலதான் வர்ற வரனெல்லாம் ஓடுது" என்றேன். கூட வந்தாள்.

பயப்பட ஒன்றுமில்லை. டாக்டர் அவளைக் கோபமாக முறைக்கச் சொல்லி, கோடு விழுந்த இடத்தில் வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைத்தார். நெற்றித் தசையை அசையவிடாமல் கோட்டை மறைக்கும் ஊசி. ஐந்து குத்து, எறும்பு கடித்த மாதிரி. சின்னச் சின்னத் தடிப்புகள் வந்து அரைமணியில் அடங்கின. நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. லேசாகத் தலைவலி வரலாம். மூன்றாம் நாள் வேலை செய்யத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன், மூன்று நான்கு மாதம் நிற்கும் என்றார்.

பதினைந்தாம் நாள் பிள்ளை வீட்டாரை வரச்சொன்னேன்.

கூடத்தில் எல்லோரும் இருக்க, முதல் மனைவி விஷக்காய்ச்சலில் போனதாக நான்தான் சொன்னேன். சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நெற்றி கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. சின்னவள் சிரித்தபடி சரி என்றாள்.

அவர்கள் போனதும் மூத்தவள் தங்கையின் அறைக்குப் போனாள். நான் கூடத்தில்தான் இருந்தேன்.

"அப்பா பொய் சொல்றார்டி."

"உன் நெத்தி ஒண்ணுமே சொல்லலையே, எக்ஸ்ரே. ரிப்பேரா?"

"ஊசி போட்டிருக்கேன். அசைய மாட்டேங்குது."

சின்னவள் பீரோவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"என்னைப் பாக்க வர்ற மாப்பிள்ளைக்கு முன்னாடி நீ ஊசி போட்டுக்கிட்டு அழகா நிப்பே. அப்புறம் எங்கிட்ட வந்து வேண்டாம்பே. நல்லா இருக்குக்கா."

ஊசி யோசனை என்னுடையது என்று எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அக்கா தங்கை பேச்சில் பெரியவர்கள் தலையிடுவது அழகல்ல.

பத்தே நாளில் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் மாதம் சின்னவள் அவர்கள் வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள், "கூடப்பிறந்தவளுக்கு முகத்துல ஒரு சலனமும் இல்லையே" என்றார்கள். ஊசியின் பலன் இன்னும் மிச்சமிருந்தது. அதை அவர்களுக்கு விளக்க எனக்கு அவசியம் தோன்றவில்லை.

எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முதல் மனைவியையும் மாப்பிள்ளைதான் தள்ளினான். கோபம் வந்தால் மகனுக்குக் கை நிற்காது என்று அவன் அப்பாவே சொன்னார். தெரிந்துதான் கொடுத்தேன். சின்னவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அந்த ஊசி. நீங்கள் நேராகக் கேட்டதால் சொல்கிறேன். மற்றபடி அந்த வாக்கு வாக்குதான்.

அந்த மனுவை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நேற்று சம்பந்தி வந்திருந்தார். வீட்டு உறவு விட்டுப்போகக் கூடாது என்று, மகனுக்கு மூத்தவளைக் கேட்டார். மரியாதையாகக் கேட்டார், நானும் சரி என்றுவிட்டேன். காலையில் அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் மறுப்பு எதுவும் தெரியவில்லை.