ஒப்துலியா திரும்பி வருவாள் என்பதற்கு ஆதாரம்

ஐயோ, அதுல உக்காராதீங்கம்மா, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது. காலையிலேர்ந்து ரெண்டு பேர் விழுந்து எந்திரிச்சுட்டாங்க. இப்படி என் பக்கத்துல வாங்க. மூட்டைய நான் மடியில வச்சுக்கறேன். இதுவா? பன்னித்தொடை. உப்புல போட்டுக் காயவச்ச முழுத்தொடை. வாசல்ல செக்யூரிட்டிக்காரன் மிஷின்ல விட்டுப் பாத்தான், மறுபடி பாத்தான், இன்னொருத்தனையும் கூப்பிட்டுக் காட்டினான். விசா ஆபீசுக்கு எதுக்குய்யா இதுன்னான். ஆதாரம்ப்பான்னேன்.

சிரிக்காதீங்க. அவங்கதானே கேட்டாங்க? சொந்த நாட்டுக்குத் திரும்பி வர்றதுக்குப் பலமான காரணம் காட்டணும்னு. எங்க ஊரு குவென்கா. அங்க இதவிடப் பலமான காரணம் எங்க போய்த் தேடுறது? மூணு குளிர்காலமா எங்க வீட்டு மச்சுல தொங்கிட்டிருக்கு. அடுத்த மாசந்தான் வெட்டுற பக்குவம் வரும். இத விட்டுட்டு எந்தப் பொம்பளைம்மா வெளிநாட்டுல தங்கிடுவா?

எனக்கு விசா இல்லம்மா. என் பொண்டாட்டிக்கு. ஒப்துலியா. அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னாடி உக்காந்திருக்கா. அவகிட்டக் கேக்க வேண்டியதக் கேட்டுட்டு என்னக் கூப்பிடுவாங்க. ரெண்டு பேரும் ஒரே பதிலச் சொல்றமான்னு பாக்கணுமாம்.

நீங்க வேலைக்கா? அப்ப கம்பெனியே எல்லாம் பாத்துக்கும். குடுத்து வச்சவங்க. எங்களுக்கு இதெல்லாம் பழக்கமே இல்ல. நான் போர்ச்சுகல் போயிருக்கேன், பிரான்சுக்குத் திராட்சை பறிக்கப் போயிருக்கேன், ஒருத்தன் ஏன் வந்தேன்னு கேட்டதில்ல. சட்டைப் பையில அடையாள அட்டை இருந்தாப் போதும். ஒப்துலியாவும் மொத தடவ அந்த அட்டைய மட்டும் நீட்டியிருக்கா. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி மீசைக்காரர் இருக்காரே, அவரு அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இது எங்க நாட்டுல நூலகத்துக்குள்ள போகக்கூட ஆகாதுன்னுட்டாராம்.

சரின்னு பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்தா. ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடி இருக்கணும், இருந்துச்சு. போட்டோவுல காது தெரியணும், தெரிஞ்சுது. அப்புறம் கேட்டாங்க பாருங்க. வேலை என்னன்னு. முடி வெட்டுற கடை வச்சிருந்தேன், வித்துட்டேன்னு சொல்லியிருக்கா. பிள்ளைங்க? இல்ல. அப்ப எதுக்கும்மா நீ திரும்பி வருவேன்னு கேட்டிருக்காரு. வாயாடி அவ, குவென்காவுல பாதி ஊரு அவ வாய்க்குப் பயப்படும். ஆனா அந்தக் கேள்விக்கு முழிச்சுட்டு நின்னிருக்கா. விசா கிடையாதுன்னு அனுப்பிட்டாங்க.

அப்புறந்தான் நான் இறங்கினேன். மூணாவது தடவ ரெண்டு பேரும் வந்தோம். புருஷன் இருக்காரு, இதோ, எவரிஸ்தோ லுசேன்தோன்னு என்னையே கொண்டுபோய் நிறுத்தினா. மீசைக்காரர் ரெண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு. நீ லுசேன்தோ, அவ பெர்சோசா, எப்படிய்யா புருஷன் பொண்டாட்டின்னாரு. ஐயா, எங்க ஊர்ல பொம்பளைங்க கல்யாணத்துக்காகக் குடும்பப் பேர மாத்திக்க மாட்டாங்க, அவங்கவங்க அப்பா பேரு, அம்மா பேரு அவங்கவங்களுக்குன்னு சொன்னேன். அவரு நம்பல. ஒரே பேரு இருக்கற ரெண்டு பேரக் கொண்டு வான்னாரு. எங்க தெருவுல ஒரே பேரு இருக்கற ரெண்டு பேரு அண்ணன் தம்பிங்கய்யா, அவங்களுக்கு விசா குடுப்பீங்களான்னேன். ஒப்துலியா என் கால மிதிச்சா.

அடுத்து சாவு இன்சூரன்ஸ நீட்டினேன். ஆமாம்மா, உங்க வீட்டுலயும் பெரியவங்க கட்டிட்டுத்தான் இருப்பாங்க, கேட்டுப் பாருங்க. சவப்பெட்டி, பூ, வண்டி, எல்லாத்துக்கும் மாசாமாசம். எங்க ரெண்டு பேருக்கும் கல்லறைச் சுவத்துல பெட்டி வைக்கப் பக்கத்துப் பக்கத்து மாடம் எடுத்து வச்சிருக்கேன், காலைல வெயில் படற பக்கமா. இத விட்டுட்டு அங்கயே இருந்துடுவாளாய்யான்னேன். அவரு நிதானமாப் படிச்சுட்டுச் சொல்றாரு, இது செத்தப்புறம் வர்றதுக்கு ஆதாரம், எங்களுக்கு உசிரோட வர்றதுக்கு வேணும்னு. என்ன பேச்சு பாருங்க! ஆனா யோசிச்சா அவரு சொன்னதும் நியாயந்தான்.

அதான் இன்னிக்கு இத மச்சுலேர்ந்து இறக்கிட்டு வந்திருக்கேன்.

என்ன கேப்பாங்களா? எல்லாந்தான். பஸ்ஸுல வரும்போது பூரா ஒத்திகை பாத்துட்டே வந்தோம். அவ காப்பிக்கு எத்தன சக்கரை, எனக்கு எந்தக் காது கொஞ்சம் மந்தம். கட்டில்ல யாரு எந்தப் பக்கம்னு கேப்பாங்களாம். இடப் பக்கம்னு சொல்லுன்னா அவ. நான் நடுவுல படுக்கறேனேன்னேன். முன்சீட்டுக்காரன் திரும்பிப் பாத்து முறைச்சான்.

நடுவுலன்னா? நடுவுலதான். ஒன்பது வருஷமா. அவ அவங்க அக்கா வீட்டு மாடியில இருக்கா.

நல்லாக் கவனிச்சுட்டீங்க நீங்க. ஆமா, பாஸ்போர்ட்டோட வந்தப்ப புருஷன் இருக்காருன்னு அவ ஏன் சொல்லலைன்னா, அப்ப நான் புருஷன் இல்லையே. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே கோர்ட்டுல பிரிஞ்சுக்கறோம்னு எழுதிக் குடுத்துட்டோம். என் தப்பு பாதி, அவ வாய் பாதி. விசா கிடைக்காம ஊருக்கு வந்தவ நேரா என் வீட்டுக்கு வந்து கதவத் தட்டினா. எவரிஸ்தோ, என்ன மறுபடி கட்டிக்கறியா, ஒரு ஆதாரம் வேணும்னா. கோட்டு கூடக் கழட்டல. நான் சட்டியில பூண்டு சூப்பு வச்சிருந்தேன், பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போச்சு. சரின்னுட்டேன்.

நகரசபையில வச்சுக் கல்யாணம். பண்ணி வச்ச கவுன்சிலரு எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். சிரிப்ப அடக்க முடியாம ரெண்டு தடவ வெளிய போயிட்டு வந்தாரு. முடிஞ்சதும் ஒப்துலியா என் கன்னத்துல ஒரு முத்தம் குடுத்துட்டு, சர்டிபிகேட்டு காயட்டும், மடிக்காதேன்னா. எனக்கு அன்னிக்குப் பூரா கன்னம் கழுவ மனசு வரலம்மா. சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, ஆனா அதான் நெசம்.

அங்க யாரப் பாக்கப் போறாளா? சொல்லலையா நான்? அங்க ஒருத்தர் இருக்காரு. பெனிதோர்ம் கடற்கரைக்குப் பென்ஷன்காரங்க டூர் போனா பாருங்க, அங்க டான்ஸ் ஆடும்போது பழக்கம். கப்பல்ல இன்ஜினியரா இருந்தவராம். போட்டோ காட்டினா. நல்ல மனுஷன்தான், பல்லு எல்லாம் சொந்தப் பல்லு. போய் வீடு வாசலப் பாத்துட்டு, அவரக் கட்டிக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவா.

ஆமாம்மா, அதுக்குப் போறதுக்குத்தான் என்னக் கட்டிக்கிட்டா. பைத்தியக்காரன்னு நினைக்காதீங்க. அந்தச் சுவத்துல ஒட்டியிருக்கறதப் படிச்சீங்களா? நான் காலையிலேர்ந்து அதையேதான் படிச்சுட்டிருக்கேன். முப்பது நாள். அதுக்கு மேல ஒரு நாள் இருந்தாக்கூட அவங்க போலீசே புடிச்சு விமானத்துல ஏத்தி அனுப்பிடுமாம். ஒன்பது வருஷமா திரும்பி வா, திரும்பி வான்னு நானும் கேட்டேன், அவங்க அக்கா கேட்டா, எங்க பாதிரியாரு வீடு தேடிப் போய்க் கேட்டாரு. அசையல. இந்த நாட்டுக்காரங்கதாம்மா மொத மொதல்ல, அவ புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போயே ஆகணும்னு சட்டம் போட்டு எழுதி ஒட்டியிருக்காங்க.

கதவு திறக்குது. கூப்பிடறாரு.

இதோ, இதோ வந்துட்டேங்கய்யா. ஆமாங்க, நான்தான். நான்தான் அவ புருஷன்.