அடுத்த ரூம் பேச்சு

இல்லம்மா, வீட்டுக்காரரைக் கூப்பிட வரல. அவரைக் கூப்பிட எப்பவும் கார் வந்துடும், டிரைவர் வந்துடுவார், நான் எதுக்கு? உக்காருங்க, நின்னு நின்னு கால்தான் வலிக்கும். உங்க விமானமும் தாமதம்னுதானே போட்டிருக்கான்.

அவரா? தூதரா இருந்தார், நாலஞ்சு நாட்டுல. நான் தூதர் பொண்டாட்டி. சிரிக்காதீங்க, அதுவும் முழுநேர வேலைதான், சம்பளம்தான் கிடையாது. யாரை யார் பக்கத்துல உக்கார வைக்கக்கூடாது, எந்த மந்திரிக்குச் சர்க்கரை, எல்லாம் நான்தான் பார்க்கணும். சாப்பாடு முடிஞ்சதும் ஆம்பளைங்க ஒரு ரூம்ல உலகத்தைப் பத்திப் பேசுவாங்க. நாங்க அடுத்த ரூம்ல, முழங்கால் வலியைப் பத்தி.

கடைசியா இருந்த நாட்டுல நம்ம கப்பல் ஒண்ணைப் பிடிச்சு வெச்சுட்டாங்க. அதுல வேலை பார்த்தவங்க எல்லாம் ஜெயில்ல. அவங்க வீட்டுப் பொம்பளைங்க தூதரகத்துக்குப் போன் போட்டா யாரு எடுக்கிறா? என் வீட்டுக்குத்தான் போன் போடுவாங்க. ஒரு பொண்ணு, அப்பன் முகத்தையே பார்க்காத கைக்குழந்தை அழறதை எனக்குக் கேக்க வைப்பா. பேசிட்டு இருக்காங்கம்மான்னுவேன். பேசிட்டுத்தான் இருந்தாங்க, மாசக்கணக்கா. நீ முதல்ல இறங்கி வா, இல்ல நீ முதல்ல இறங்கி வான்னு.

அந்த ஊர் மந்திரி சம்சாரம் எனக்குப் பழக்கம். எப்படின்னு கேக்கறீங்களா? எங்க ரெண்டு பேர் அம்மாவுக்கும் மறதி நோய். எங்கம்மா என்னையே யாருன்னு கேட்டுட்டாங்கன்னு ஒரு விருந்துல என்னையறியாம அழுதுட்டேன். அவதான் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் முகம் கழுவிவிட்டா. அப்படி ஆரம்பிச்சது.

ஒருநாள் அவகிட்ட அந்தக் குழந்தையைப் பத்திச் சொன்னேன். மெதுவா சொல்றா, எங்க வீட்டுக்காரருக்கும் அவங்களை அனுப்பிடணும்னுதான் இருக்கு, ஆனா நீங்க மிரட்டி நாங்க விட்ட மாதிரி ஆயிடக்கூடாது, உங்க ஆளுங்க பேப்பர்ல கத்தறதைக் கொஞ்ச நாள் நிறுத்தட்டும்னு. அன்னிக்கு இவர் ஷூ கழட்டும்போது இதைச் சொன்னேன். அவ பேர் வெளிய வரக்கூடாதுன்னும் சொன்னேன். நம்ம பக்கம் வாயை மூடினாங்க. அந்த மாசமே எல்லாரும் வீடு வந்து சேர்ந்தாங்க.

பேரா? பேர் இவருக்குத்தான். விருதுகூட குடுத்தாங்க. அது போகட்டும், பழகிப்போச்சு.

ரிட்டயர் ஆனப்புறம் ஒரு கூட்டத்துல இவரைப் பேசக் கூப்பிட்டாங்க. கைதட்டல் கேட்ட குஷியில, உண்மையைச் சொன்னா எங்க வீட்டம்மாவும் மந்திரி வீட்டம்மாவும் சமையல்கட்டுலயே முடிச்ச விஷயம் அதுன்னு சொல்லிட்டுச் சிரிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் பேப்பர்ல வந்துச்சு. அந்த ஊர்ப் பேப்பர்லயும் வந்துச்சு.

மந்திரிக்குப் பதவி போச்சு. அவளுக்கு, நாட்டைக் காட்டிக்குடுத்தவள்னு பேர். அவ புருஷன் வீட்டைவிட்டே அனுப்பிட்டார். பெத்த மகன் பேசறதில்ல. நான் போன்ல அழறேன், அவ என்னடான்னா, அந்தக் குழந்தை இப்ப நடக்குதான்னு கேக்கறா.

கொஞ்ச நாள் நம்ம வீட்டுல இருக்கட்டுமேன்னு இவர்கிட்ட கேட்டேன். அது சரிவராது, ரெண்டு நாட்டு உறவு கெட்டுப்போயிடும்னார். நான் சண்டை போடல. அதுக்கெல்லாம் இப்ப தெம்பு இல்லம்மா.

ஆங், அவ விமானத்து ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்களா? கதவு திறக்கறாங்க பாருங்க. பெட்டி நிறைய இருக்காது அவகிட்ட. எடுக்க விட்டிருக்க மாட்டாங்க. அந்தா, சாம்பல் கலர் சால்வை... எப்படி மெலிஞ்சுட்டா!

இல்லம்மா, அவர் வீட்டுக்கு இல்ல. போன வாரமே ஒரு மாடி வீடு வாடகைக்குப் பார்த்துட்டேன். ரெண்டு கட்டில் போட இடம் இருக்கு. சாவியோட கிளம்பும்போது இவர் வாசல்ல நின்னு, எத்தனை நாளைக்குன்னு கேட்டார்.

அவளுக்கா, எனக்கான்னு கேட்டேன்.

வரேம்மா.