லெதர் போட்ட மாவுப் பெட்டி

முத்துமாரி: பெட்டியோட இந்தப் பக்கம் கைய வெச்சுப் பாருங்க.

கௌதம்: லேசா சுடுது…

முத்துமாரி: லேசாவா? தோசையே ஊத்தலாம். உள்ள மாவு பாக்கெட்டெல்லாம் உப்பிக்கினு நிக்குது. காலைல கடைங்களுக்கு இன்னாத்த குடுப்பேன்?

கௌதம்: கரெண்ட்டு போயிருக்கும்…

முத்துமாரி: போவல. பழைய ஐஸ்கிரீம் பெட்டி. உறையாம சில்லுனு மட்டும் இருக்கணும்னு மெக்கானிக் சம்பத் அண்ணன் மாத்திக் குடுத்தாரு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. நீங்க சுத்தி லெதர் ஒட்டினீங்க, போச்சு.

கௌதம்: அழகா இல்லியா? எங்க ஷூ கம்பெனி துண்டு லெதர் அது.

முத்துமாரி: அழகுக்குக் கொறச்சல் இல்ல. பெட்டி ஷூ மாட்டிக்கினு கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி இருக்குது.

கௌதம்: எங்கயாவது காத்து நிக்குதா பாரு. தட்டித் தட்டி ஒட்டியிருக்கேன். லெதருக்கு அடியில காத்து நின்னா எங்க லைன்ல ரிஜெக்ட்டு.

முத்துமாரி: காத்து போவலன்னா இங்க மாவு ரிஜெக்ட்டு. உள்ள இருக்கற சூடு இந்தப் பக்கத்துத் தகரம் வழியாத்தான் வெளிய வருமாம். சம்பத் அண்ணன் போன்ல அந்தத் திட்டு திட்றாரு.

கௌதம்: அப்ப… உரிச்சிடவா?

முத்துமாரி: பக்கமெல்லாம் உரிங்க. மூடி மேல ஒட்டினது மட்டும் இருக்கட்டும்.

கௌதம்: உரிச்ச லெதர ஒரு பலகையில ஒட்டி, பெட்டிப் பக்கத்துல ஸ்க்ரூ போட்டா…

முத்துமாரி: ஸ்க்ரூவத் தொட்டீங்க, கைய ஒடிப்பேன். தகரத்துக்குப் பின்னாடி பெட்டியக் குளிர வெக்கற கேஸ் பைப்பு ஓடுது.

கௌதம்: சரி, பலகையத் தள்ளி நிக்க வெக்கிறேன். நடுவுல காத்து ஓடட்டும்.

முத்துமாரி: இப்பதான் மூளை வேலை செய்யுது. ஆமா… இவ்ளோத்தையும் எப்ப ஒட்டினீங்க? நான் வெளிய போனப்போ நீங்க கம்பெனியிலதான இருந்தீங்க?

கௌதம்: …லீவு.

முத்துமாரி: வாரத்து நடுவுல லீவா?

கௌதம்: உரிக்க வுடு மாரி.

முத்துமாரி: பேசிக்கினே உரிங்க.

கௌதம்: ஆர்டர் இல்லன்னு… தீபாவளி முடிஞ்சதுமே எங்க லைனயே நிறுத்திட்டாங்க. தெனம் பைய எடுத்துக்கினு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்துடுவேன். உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. இந்தப் பெட்டிக்காவது ஒரு வேலை செஞ்சேன்னு இருக்கட்டுமேன்னு…

முத்துமாரி: தெரியும்ங்க. உங்க லைன் வஜீதா அக்கா அன்னிக்கே வந்து அழுதுட்டுப் போனாங்க. இந்தப் பெட்டிய வாங்கறதுக்காக வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு நான் சொன்னதும் பொய்தான். இருந்த கடைங்களுக்கு அதுவே போதும். நம்ம ரெண்டு பேரும் இதுலயே பொழைக்கணும்னுதான் பெரிய பெட்டியா வாங்கினேன். இனிமே மாவு ஆட்டறது நான், கடைக்குக் கொண்டு போறது நீங்க.